வரிக்கும் வரிக்கும் நடுவே

என் பியானோவின் மேல் யாராவது எதையாவது வைத்தால் எனக்குப் பிடிக்காது. தொப்பி, சாம்பல் கிண்ணம், காப்பிக் கோப்பை, எதுவானாலும் எடுத்துக் கீழே வைத்துவிடுவேன். இதைப் பெரிய குற்றம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

நீங்கள் கேட்க வந்தது அந்த இசைத்தட்டின் கடைசிப் பாட்டைப் பற்றி. மற்றதில் எல்லாம் சாக்ஸபோன் இருக்கிறது, அதில் மட்டும் ஏன் இல்லை என்று. உறையில் 'கலைஞர்களின் துணிச்சலான முடிவு' என்று அச்சடித்திருக்கிறார்களாம். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க அவ்வளவாக வராது, ஹார்லன்தான் படித்துக் காட்டினான். அவனும் போன மார்ச்சில் போய்ச் சேர்ந்துவிட்டான். பேச்சைப் பதிவு செய்கிற அந்த மெஷினை ஓடவிடுங்கள், நிறுத்துங்கள், உங்கள் இஷ்டம். மெஷினோடு வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஹார்லன் கிரீர் பாடுவான், நான் வாசிப்பேன். நெவார்க் ஊரில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தெரு, ஒரே சர்ச். காதலி போய்விட்டாள், மழை பெய்கிறது, அந்த மாதிரிப் பாட்டுகள். எல்லாம் மெதுவாகப் போகும். மெதுவான பாட்டில் ஒரு வரி முடிந்ததும் பாடுகிறவன் மூச்சு வாங்குவான். அடுத்த வரி வரும்வரை இருக்கிற இடம் அவனுடையது இல்லை, துணைக்கு உட்கார்ந்திருப்பவனுடையது. அங்கே இரண்டு சுரம் போடலாம், சும்மாவும் இருக்கலாம். சும்மா இருந்தாலும் அது என்னுடைய சும்மா. பதினாறு வருஷம் நான் குடியிருந்தது அந்த இடத்தில்தான்.

கம்பெனிக்காரன் ஒருவன், டை கட்டினவன், ஹார்லனையும் எல்மோர் டாகெட்டையும் சேர்த்து ஒரு தட்டுப் போட்டால் பெண்கள் வாங்குவார்கள் என்று முடிவு செய்தான். எல்மோர் சாக்ஸபோன்காரன். ஆள் யானை மாதிரி, பேச்சு பூனை மாதிரி. ஒரு காலத்தில் குடித்தே ஈரலைக் கரைத்தவன். இன்னொரு சொட்டு உள்ளே போனால் பெட்டியில்தான் வெளியே வருவாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வருஷமாகத் தொடவில்லை. அவன் பெண்சாதி ஒடெஸாவே காரில் கொண்டுவந்து விடுவாள். ஸ்டூடியோ வாசலில் எல்லார் முன்னாலும் வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பாள்.

"போலீஸ் ஸ்டேஷன்லகூட இவ்வளவு கெடுபிடி கிடையாதுடி," என்பான்.

"அங்க உங்கள யாரும் கட்டிக்கல. நல்லாத் தொறங்க."

நாங்கள் சிரிப்போம். அவனும் சிரிப்பான்.

முதல் நாள், முதல் பாட்டு. ஹார்லன் வரியை முடித்தான், நான் என் இடத்தில் நுழைந்தேன், எல்மோரும் நுழைந்தான். இரண்டும் முட்டிக்கொண்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்காரன் கையை ஆட்டி நிறுத்தினான். ஹார்லன் வந்து என் தோளில் கை வைத்தான்.

"வெண்டல், அந்த எடத்த அவனுக்கு விட்டுடுடா. நீ கீழ மட்டும் புடிச்சுக்க."

சரி என்றேன். கீழே பிடிப்பது என்றால் இடது கையால் அடிச்சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருப்பது, அதை சர்ச்சில் எந்தப் பொடியனும் செய்வான்.

பொய் சொல்ல மாட்டேன், எல்மோர் நன்றாகத்தான் வாசித்தான். வரி முடிகிறபோது ஹார்லன் முகத்தைத் திருப்பி அவனுக்காகக் காத்திருப்பான். எனக்காகக் காத்திருந்ததே இல்லை. வீட்டில் இருக்கிற சோற்றை யார் எதிர்பார்த்து உட்காருவார்கள். ஆனால் நான் யோசித்தது என்னைப் பற்றி இல்லை. இப்படி ஒருவன் மேலே மேலே பூசிக்கொண்டே போனால் ஹார்லனின் குரல் என்ன ஆகும் என்றுதான் யோசித்தேன்.

சாக்ஸபோனின் வாயில் ஒரு சீவாளி, மெல்லிய நாணல் துண்டு, இருக்கும். காய்ந்தால் பேசாது. எல்மோர் நாலைந்து சீவாளிகளைக் கிளாஸ் தண்ணீரில் போட்டு என் பியானோ மேல் வைத்திருந்தான். பாட்டுக்குப் பாட்டு ஒன்றை எடுத்து வாயில் சப்பிப் பதப்படுத்தி மாட்டுவான். நான் கிளாஸைக் கீழே வைத்தேன். "கீழ வச்சா எவனாச்சும் ஒதச்சிடுவான் அண்ணே," என்று மறுபடி மேலே வைத்தான்.

மறுநாள் ஹார்லன் அவனிடம், ஏழாவது பாட்டில் இன்னும் கொஞ்சம் அழவைக்கச் சொன்னான். மத்தியானம் ஒடெஸா வந்து அவனைச் சாப்பிடக் கூட்டிப்போனாள். மற்றவர்களும் கிளம்பினார்கள். நான் மூலைக்கடைக்குப் போய் வோட்கா வாங்கினேன். ஜின் வாங்கியிருக்கலாம், ஆனால் வாசனை தூக்கும். சீவாளிக் கிளாஸின் தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே அளவுக்கு வோட்காவை ஊற்றி வைத்தேன்.

ஒடெஸா அவனைத் திரும்பக் கொண்டுவந்தாள். வாசலில் மோந்து பார்த்தாள். "நல்ல புள்ள," என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் போனாள்.

எல்மோர் சீவாளியை எடுத்து வாயில் வைத்தான். வைத்தபடியே நின்றான். கிளாஸைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் பியானோக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் துப்பியிருக்கலாம். வாய் கொப்பளித்திருக்கலாம். சின்னக் குழந்தை இல்லை. கொஞ்ச நேரம் நாக்கில் வைத்திருந்தான், அப்புறம் சப்பினான். நான் யார் வாயிலும் எதையும் ஊற்றவில்லை. தண்ணீரை மாற்றினேன்.

ஏழாவது பாட்டில் அவன் வாசித்ததைத்தான் ஊரே இன்றைக்கும் கொண்டாடுகிறது. அதற்காக எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை.

பாட்டு முடிந்து பார்த்தபோது கிளாஸில் சீவாளிகள் மட்டும் கிடந்தன. சிகரெட் வாங்கி வருகிறேன் என்று சாக்ஸபோனை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனான். நேரம் போய்க்கொண்டிருந்தது. கம்பெனிக்காரன் இனிப் பொறுக்க முடியாது என்றான். கடைசிப் பாட்டை ஹார்லனும் நானும் செய்தோம். துணிச்சலான முடிவு என்பது இதுதான்.

அந்த வார முடிவில் எல்மோரை ஒரு வாடகை அறையில் கண்டுபிடித்தார்கள். தலையணையெல்லாம் அவன் கக்கிய ரத்தம். ஆஸ்பத்திரி வாசலில் ஒடெஸா ஹார்லனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "மோந்து பாத்துத்தானே உள்ள அனுப்பினேன். உள்ள வச்சு என்னய்யா பண்ணீங்க அவர?"

அதற்கு ஹார்லன் தானே ஒரு பதிலைச் செய்துகொண்டான். அன்றைக்குக் காரில் வரும்போது சொன்னான்: "அழ வையின்னு நாந்தான சொன்னேன். அந்தப் பாட்டுக்குள்ள அவன எறக்கினது நான். நாந்தாண்டா கொன்னுட்டேன்."

"யாருக்குத் தெரியும்," என்றேன்.

அப்புறம் அவன் பாடவில்லை. கிளப்பிலும் இல்லை, சர்ச்சிலும் இல்லை. ஓய்வு பெறும்வரை நகரத்துப் பஸ்ஸை ஓட்டினான், அப்புறம் சாகும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருவான், பன்றிக்கறியும் சோளரொட்டியும் சாப்பிடுவோம். சில நாள் தூக்கத்தில் எல்மோரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்வான். நான் இன்னொரு துண்டு ரொட்டி வைப்பேன்.

நான் செய்ததெல்லாம் அவன் குரலைக் காப்பாற்றத்தான். காப்பாற்றியும் விட்டேன். கடைசிவரை வேறு யார் கையும் அதில் படவில்லை.