மத்தியானத்துக்கு எத்தனை இலை

— காரம் வேண்டாம், புளி வேண்டாம், கெணத்துத் தண்ணியும் வேண்டாம்னா, அந்த வெள்ளக்காரங்க என்னத்தத்தான் சாப்புடுவாங்க தம்பி?

— எல்லாம் சாப்புடுவாகம்மா. காரத்தை மட்டும் கொறச்சுக்கங்க. தண்ணியைக் காய்ச்சி ஆற வச்சிரணும். வெயில்ல சைக்கிள் மிதிச்சு வர்றவுக. வயித்துக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கொச்சி டூர் கம்பெனிக்காரன் என்னையத்தான் பிடிப்பான்.

— கோயமுத்தூர்ல இருந்து உங்க குமுளி வரைக்கும் சைக்கிள்லயே போறாங்களாக்கு. பஸ்ஸுல போனா ஒரே நாள்ல போயிறலாமுங்க.

— பஸ்ஸுல போறதுக்கு எதுக்கும்மா அம்புட்டுத் தொலைவுல இருந்து பிளேன் ஏறி வர்றாக. ஊரு, வயக்காடு, ஆளுக எல்லாத்தையும் மெதுவாப் பாக்கணுமாம். இங்கிட்டு மீனாச்சிபுரம், பொள்ளாச்சி, உடுமலை, அப்பறம் மலையேறி மூணாறு, கடைசியா எங்க ஊரு. தை மாசம் வர்றாக. அதுக்குள்ள நான் ஒருக்கா தனியா ஓட்டிப் பாத்து, எங்க தங்குறது, எங்க சாப்புடுறதுன்னு முடிவு பண்ணிரணும். அதுக்குத்தான் இந்த அலைச்சல்.

— அப்ப இங்கதானுங்க மத்தியானச் சோறு? முடிவாச் சொல்லிப் போடுங்க.

— பாத்துச் சொல்றேம்மா.

— இன்னும் என்னத்தப் பாக்கறது? சைக்கிளு நிறுத்தப் புளியமரத்து நெழலு இருக்குது. கயித்துக் கட்டிலு மூணு கெடக்குது, நாளைக்கே வெயில்ல போட்டுத் தட்டி வெக்கறேன். எத்தனை எலை போடோணும்?

— ஏழு பேரு வர்றாக.

— உங்களை விட்டுப்போட்டீங்களே. எட்டு.

— நான் ஓரமா ஏதாச்சும் தின்னுக்கிருவேம்மா.

— அதெல்லாம் இந்த ஊட்டுல நடக்காதுங்க. எட்டு எலை. அதுல பொம்பளைங்க உண்டுங்களா?

— மூணு பேரு. ஒரு அம்மாவுக்கு அறுபது வயசு.

— அறுபதா? என்னைய விட மூப்பு. அந்த வயசுல சைக்கிளு மிதிக்கறாங்களா? இந்த செல்லாத்தா சைக்கிளைத் தொட்டுக்கூடப் பாத்ததில்லீங்க.

— அவுகளும் அம்பதுக்கு மேலதான் கத்துக்கிட்டாகளோ என்னமோ. ஆனா ஒண்ணும்மா, அவுக பேசுறது உங்களுக்குப் புரியாது. நீங்க பேசுறது அவுகளுக்குப் புரியாது.

— என்ன பேசுனா என்னங்க. ஊட்டுக்குள்ள நாலு பேரு பேசற சத்தம் கேட்டாப் போதும். சாயங்காலமானா ரேடியோவத் திருப்பி வெச்சுக்கறேன். சேதி முடிஞ்சு அவன் வணக்கம் சொன்னான்னா, அத்தோட இந்த ஊட்டுல பேச்சு முடிஞ்சுது. அதை உடுங்க. சோறு எப்படீங்க? ஒண்ணுமே சொல்லக் காணோம்.

— அரிசியும் பருப்பும் சோறுதானம்மா இது?

— தெரியுமுங்களா? உங்க மலைப் பக்கம் இதைச் செய்ய மாட்டாங்களே.

— வீட்டுல செய்வாக.

— அப்படீங்களா. ஊட்டுக்காரம்மா எங்க சீமைங்களா?

— கை கழுவிட்டு வந்துர்றேம்மா.

— பின்னால பொடக்காளியில தொட்டி நெறையத் தண்ணி இருக்குதுங்க. இருங்க, அந்த நடை இருட்டா இருக்கும், நான் வெளக்கு எடுத்துக்கிட்டு... போயிட்டீங்களா?

— கழுவியாச்சும்மா. தண்ணி நல்லா சில்லுனு இருக்கு.

— நெத்தியில ஒண்ணும் படலைங்களே?

— இல்லையே. ஏம்மா?

— ஒண்ணுமில்லைங்க. உக்காருங்க. மோர் குடிங்க.

— நேரமாச்சும்மா. பொழுது சாயறதுக்குள்ள பொள்ளாச்சி போயிரணும்.

— சித்த இருங்க. உங்ககிட்ட மறைக்கப்படாதுங்க, சொல்லிப்போடறேன். ரோட்டு மேல நல்ல நல்ல ஊடா எத்தனையோ இருக்க, மூணு மைலு உள்ள தள்ளி இங்க எதுக்கு வந்தீங்கன்னு நான் கேக்கலை. வந்த விருந்தாளியை எதுக்குக் கேள்வி கேக்கறதுன்னு உட்டுப்போட்டேன். ஆனா இந்த ஊட்டுல யாரும் கை நனைக்கறதில்லீங்க. பங்காளிங்க மாரியாத்தா கோயில் வரி கூட எங்கிட்ட வாங்கறதில்லை. நாளைக்கு நீங்க வெள்ளக்காரங்களைக் கூட்டியாந்தா, ஒத்தாசைக்குன்னு ஒரு ஆளு வராது. நான் ஒருத்தியேதான் எட்டு பேத்துக்கும் ஆக்கோணும். ஆக்கிருவேன். அதுக்குப் பயமில்லை. தெரியாம வந்து மாட்டிக்கிட்டோம்னு பின்னால நீங்க நெனைக்கப்படாது பாருங்க.

— எதுக்கும்மா அப்படி ஒதுக்கி வச்சிருக்காக?

— எமர்ஜென்சி வந்துச்சு பாருங்க, அதுக்கு முந்தின வருசம். கோயில் மைதானத்துல ஒருத்தன் ராப்பகலா எறங்காம சைக்கிள் ஓட்டுனான். வட்டம் போட்டு, கம்பம் நட்டு, ரேடியோ செட்டுல பாட்டுப் போட்டு, ஒரு வாரம் ஊரே அங்கதான் கெடந்துது. சைக்கிள் மேலயே குளிச்சான், சைக்கிள் மேலயே பல்லு வெளக்குனான். நான் போய்ப் பாக்கலை. எம்பட புள்ள கமலா போனா. சொம்புல மோர் கொண்டு போயி நீட்டுவாளாமா. அவன் ஓட்டிக்கிட்டே வாங்கிக் குடிச்சுப்போட்டு, அடுத்த சுத்துல சொம்பைத் திருப்பிக் குடுப்பானாமா.

— ம்.

— ஏழாம் நாளு எறங்குனான். மாலை போட்டாங்க, மேளம் அடிச்சாங்க. விடிஞ்சு பாத்தா அவனும் இல்லை, அவளும் இல்லை. எந்த ஊருக்காரனோ, எந்தச் சாதியோ. வேலை வெட்டி இல்லாம ஒரே எடத்துல சுத்தறவன், அவனை நம்பிப் போனாளே.

— வேலை வெட்டி இல்லாம இல்லம்மா. அதுவும் ஒரு பொழைப்புத்தான். ஒரு வாரம் தூக்கமில்லாம ஓட்டிட்டு எறங்குனா, கால் தரையில பாவாது. நின்னுக்கிட்டிருந்தாலும் ஊரே சுத்துற மாதிரி இருக்கும்.

— உங்களுக்கு எப்படீங்க தெரியும்?

— சைக்கிள் தொழில்ல கெடக்கோம்ல. நாலு பேரு சொல்லக் கேட்டதுதான்.

— சரிங்க. அவங்கய்யன், என்ற ஊட்டுக்காரரு பொங்கியண்ணன், அன்னைக்கே வாய்க்கால்ல எறங்கி, மக செத்துப்போனாள்னு தலை முழுகுனாரு. என்னையும் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனாரு. நானும் முழுகுனேன். அவ பேரையோ அவன் பேரையோ இந்த ஊட்டுல யாரும் எடுக்கப்படாதுன்னு சொல்லிப்போட்டாரு. அவரு போயி ரெண்டு வருசமாச்சுங்க. எளவுக்கு வந்த பங்காளிங்க, அவளுக்கு ஆளு அனுப்புனா நாங்க பாடையைத் தூக்க மாட்டோம்னாங்க. நான் அனுப்பலை. அப்படியும் பாருங்க, என்னைச் சேத்துக்கலை. காடு தோட்டத்தை அவங்க பையன் பேர்ல எழுதி வெச்சாச் சேத்துக்குவாங்களாமா.

— எழுதிறாதீங்கம்மா.

— எழுதலீங்க. வந்தா அவளுக்குன்னு ஒண்ணு இருக்கோணுமல்ல.

— அவ... அவுக மேல உங்களுக்குக் கோவமில்லையாம்மா?

— இருந்துதுங்க. தனியா உக்காந்து சாப்புடச் சாப்புட அதெல்லாம் போயிருச்சு. ஒரு ஆளுக்கு ஒல வெக்கறது இருக்குதே, அது பெரிய கொடுமைங்க. கைப்புடி அரிசி. வெந்துதா வேகலையான்னு பாக்கறதுக்குள்ள ஆறிப்போயிருது. உங்களுக்கு அதெல்லாம் தெரியாது. குடும்பஸ்தரு.

— தெரியும்மா.

— சட்டையில ரெண்டு பொத்தானைக் காணோமுங்களே. கழட்டிக் குடுங்க, தெச்சுத் தர்றேன். ஊட்டுக்காரம்மா பாக்கறதில்லீங்களா?

— வழியில தெறிச்சிருச்சும்மா. கெடக்கட்டும்.

— நூலு நைஞ்சு போயிருக்குது. இன்னைக்கு நேத்து தெறிச்சது மாதிரித் தெரியலை.

— நான் கெளம்புறேம்மா. சாப்பாடு இங்கனயே வச்சுக்கிருவோம். முடிவுதான். கம்பெனிக்குச் சொல்லிர்றேன்.

— நெசமாலுமுங்களா?

— நெசம்மா. தை பொறந்து ரெண்டாவது வாரம். வர்றதுக்கு முன்னால ஒரு கார்டு போடுவேன்.

— அப்ப நானும் ஒண்ணு சொல்லிப்போடறேன். தப்பா இருந்தா வயசானவ ஒளர்றாள்னு விட்டுப்போடுங்க. பொடக்காளிக்குப் போற நடையில வாசக்கால் நிலவு ரொம்பத் தாழ்வுங்க. மாமனாரு காலத்துல தச்சன் அளவு தப்பி வெச்சது. இந்த ஊட்டுக்குப் புதுசா வர்றவங்க யாரா இருந்தாலும் மொத நாளு அதுல நங்குனு இடிச்சுக்குவாங்க. பொண்ணு பாக்க வந்த மாமன்மாரு இடிச்சிருக்காங்க, கரண்டு கம்பி இழுக்க வந்த ஆபீசரு இடிச்சிருக்காரு. நான் வாக்கப்பட்டு வந்து ஒரு மாசம் நெத்தி வீங்கித் திரிஞ்சேன். நீங்க அந்த இருட்டுல வெளக்கில்லாமப் போனீங்க. குனிஞ்சு போனீங்க, குனிஞ்சு வந்தீங்க.

— அம்மா...

— ஒண்ணும் பேச வேண்டாங்க. நான் திட்டறதுக்குச் சொல்லலை. அந்த நிலவைப் பத்தி உங்ககிட்டச் சொல்றதுக்கு ஒலகத்துல ஒருத்திதான் இருக்கா. அரிசியும் பருப்பும் உங்க ஊட்டுல யாரு ஆக்கறான்னும் எனக்குத் தெரியும். மொளகா கிள்ளிப் போடறதுக்குப் பதிலா அவ நசுக்கித்தான் போடுவா.

— ஆமா. நசுக்கித்தான் போடுவா.

— பேரு என்னங்க உங்களுக்கு? இத்தனை நேரம் கேக்கவே இல்லை.

— வீரபாண்டி.

— நல்ல பேருங்க. இத்தனை வருசமா பேரு கூடத் தெரியாம வைஞ்சுக்கிட்டு இருந்திருக்கறேன். எளைச்சுக் கெடக்கறீங்க மாப்பிள்ளை. அவ நல்லா இருக்கறாளா? கோவமா இருக்கறாளா? இருக்கட்டும், இருக்காதா பின்ன. உசுரோட இருக்கற புள்ளைக்குத் தலை முழுகுனவளாச்சே நானு. வெள்ளக்காரங்களோட அவளையும் கூட்டிக்கிட்டு வாங்க. சைக்கிள் பின்னால உக்காத்தி வெச்சுக் கூட்டியாங்க, ஊரு பாக்கட்டும். எங்கிட்டப் பேசாட்டியும் பரவால்லை, வந்து ஒரு வாய் சாப்புட்டாப் போதும். வாழைத் தோப்புல தலைவாழையாப் பாத்து ஒம்பது எலை அறுத்து வெக்கறேன். ஏனுங்க, எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? வர மாட்டேன்னுருவாளா?

— எட்டு எலை போதும், அத்தை. போன ஐப்பசியில, பத்து நாள் காய்ச்சலுக்கப்பறம், நானும் அவளுக்குத் தலை முழுகிட்டேன்.