மேடைக்கு வராத அம்மா

என் மகள் நலமாகத்தான் இருக்கிறாள். அது தெரியாமல், இரண்டு நாளாகப் போனை எடுக்காதவளைப் பார்க்க நேற்று ஃபேக்டரிகள் நிறைந்த பொம்மசந்திராவுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன்சீட்டில் நாடகம் படிக்கும் இரண்டு மாணவிகளும் அவர்களுடைய டீச்சரும் இருந்தார்கள்.

"அம்மா மேடைக்கே வரமாட்டாங்க" என்றார் டீச்சர். "மறுபடியும் சொல்றேன். பொம்மசந்திராவுல வேலைக்குப் போற பொண்ணுங்க வாடகைக்குத் தங்கற ஒரு பி.ஜி. ரூம். அதைக் காட்டத்தான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன். ஃபேக்டரிக்குப் போற பொண்ணு ஷிஃப்ட் முடிஞ்சு படுத்திருக்கா. அம்மா போன் பண்ணிட்டே இருக்காங்க. இவ எடுக்கல."

"ஏன் மிஸ், சண்டையா?" அந்தப் பெண்ணாக நடிக்கப் போகிறவள் கேட்டாள்.

"இல்ல. அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுடறா."

"இதுக்கு எதுக்கு மிஸ் நாடகம்? நாங்க தினமும் பண்றதுதானே."

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பேஜார் பண்ணாதீங்கடி. நாளன்னைக்கு ஷோ."

மற்றவள் ஸ்டெல்லா. அவளுக்கு அம்மா வேஷம். "அப்போ எனக்கு டயலாக்கே இல்லையா?"

"இல்ல. திரைக்குப் பின்னாடி நின்னு போன் அடிச்சிட்டே இரு."

"எதுவரைக்கும்?"

"அவ எடுக்கற வரைக்கும்."

"அவதான் கடைசிவரை எடுக்க மாட்டாளே."

"ஆமா. நீயும் நிறுத்தக் கூடாது. மூஞ்சி தெரியாட்டியும் உன் பயம் தெரியணும்."

ஸ்டெல்லா கொஞ்சம் யோசித்தாள்.

"என்னால ஆகாது மிஸ். எங்கம்மாவை வேணா கூட்டிட்டு வர்றேன். அவங்களுக்கு இது நல்லாப் பழக்கம்."