ஒன்றரை டன்னைத் தோள்ல தூக்கிட்டு வரவா

அந்தப் பெட்டி மேலருந்து கையை எடுங்க, ஹெர் ப்ரூகமான். நான் ஒண்ணும் பிடுங்கிட்டு ஓட மாட்டேன். முப்பது வருஷப் பழைய கம்ப்யூட்டருக்குப் புத்தம்புது கிராபிக்ஸ் கார்டு செய்றீங்க. யாருக்கு? அந்தா, இந்தப் பழைய கம்ப்யூட்டர் சந்தையில தொந்தியைத் தள்ளிக்கிட்டு சாசேஜ் தின்னுட்டிருக்காங்களே, அவங்க வீட்டுல உக்காந்து கேம்ல விமானம் சுட்டு விளையாட. எங்க லேப்ல அதே கம்ப்யூட்டர்தான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பையே ஓட்டுது. பதினோரு நாளா திரை இருட்டு. ஆனா எனக்கு மட்டும் குடுக்க மாட்டீங்க.

விதி தெரியும். வாங்குறவங்க மெஷினை இந்த மேஜைக்கே கொண்டு வரணும், நீங்களே சொருகிப் பாத்துத்தான் குடுப்பீங்க. மொத்தமா வாங்கி மூணு மடங்குக்கு விக்கிறவனைத் தடுக்க. நல்ல விதிதான், இல்லேங்கல. ஆனா என் மெஷின் ஒன்றரை டன் மைக்ராஸ்கோப்போட பின்னிக் கிடக்கு. பிரிச்சா திரும்பப் பூட்ட ஆள் கிடையாது. தோள்ல தூக்கிட்டு ட்ரெயின்ல வரவா?

புது மைக்ராஸ்கோப்பா? ஏன், நீங்க மட்டும் பழசைக் கட்டிக்கிட்டு அழலாம், நாங்க புதுசு வாங்கணுமாக்கும்.

பழைய கார்டு என்னாச்சா? கேப்பீங்கன்னு தெரியும். உங்க இணையக் குழுவுல நீங்கதான எழுதினீங்க, அழுக்குப் பிடிச்ச கார்டைப் பாத்திரம் கழுவுற மெஷின்ல போடலாம், சோப்பு மட்டும் வேண்டாம்னு? எத்தனை பேர் அதுக்குக் கைதட்டியிருந்தாங்க. எங்க லேப் திரையில கோடு கோடா வந்துச்சு. யாருக்கும் தெரியாம கார்டைக் கழட்டிட்டுப் போய் எங்க விடுதி சமையலறை மெஷின்ல கழுவினேன். மறுநாளே சொருகினேன், அதோட செத்துப்போச்சு.

ஒரு வாரம் காயணும்னு கீழ எழுதியிருந்தீங்களா? கீழ வரைக்கும் யார் படிக்கிறா. சரி, தப்பு என்னுதுதான். பாதி.

லேப்ல சொல்லிடலாமே, சொல்லிடலாமேங்கிறீங்க. சொன்னா என்னை அந்த ரூமுக்குள்ளயே விட மாட்டாங்க, ஆராய்ச்சி அதோட போச்சு. அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்க டெக்னீஷியன் வீலாண்டுக்கு மட்டும்தான் அனுமதி. அதனால அவர் கை பட்டுத்தான் கெட்டுச்சுன்னு முடிவு கட்டிட்டாங்க. திங்கக்கிழமை விசாரணை. அதுக்குள்ள திரையில மறுபடி படம் வந்துட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அவரே அப்படித்தான் நம்புறாரு, தெரியுமா? நேத்து கேன்டீன்ல எனக்குக் காபி வாங்கிக் குடுத்து, போன மாசம் தூசி தட்டினேன், அதுலதான் போயிருக்கும், உன் படிப்பு என்னால நின்னுபோச்சேம்மான்னாரு.

பரவால்லைன்னுட்டேன்.