நகராத படகு

அந்தக் குதிரைப் படம் ஓடாமல் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சார். வெள்ளிக்கிழமை பொன்னேரியில் போட்டார்கள், திங்கட்கிழமை தூக்கிவிட்டார்கள். ஊரே சிரித்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கோடையில் ஆரம்பாக்கம் பக்கம் ஏரி வற்றி, கரையெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும். அதைப் பாலைவனமாகக் காட்டி, பெரிய செலவில் கௌபாய் கதை எடுத்தார்கள். என் அண்ணன் தசரதனுக்குச் சிவப்பு நாடா கட்டிய தொப்பியைக் கொடுத்து, குண்டடி பட்டு விழச் சொன்னார்கள். என்னைத் தூரத்துத் தண்ணீரில் படகோடு நிற்கச் சொன்னார்கள். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். நல்லது எதுவும் அவனைத் தாண்டி எனக்கு வந்ததில்லை.

அவன் வேலை முடிந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல், இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து என்னிடம் வந்தான். "இன்னாடா பூபதி, கழியப் புட்சிக்கினு நிக்கிற? படத்துல நீ தெரியவே மாட்டியாம்டா" என்றான். சிரித்துக்கொண்டே படகில் ஏறும்போது கால் வழுக்கித் தண்ணீரில் குப்புற விழுந்தான். படகு தள்ளும் கழி என் கையில் இருந்தது. சேற்றில் ஊன்றுவதுபோல் அவன் முதுகில் ஊன்றினேன். கரையில் வேட்டுச் சத்தம், எல்லாரும் அங்கேதான் பார்த்தார்கள். கேமரா அவ்வளவு தூரம் பார்க்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

குளிக்க இறங்கி உளைச் சேற்றில் சிக்கிக்கொண்டான் என்றேன். நம்பினார்கள்.

அவன் மகள் வளர்மதி அப்போது கைக்குழந்தை. அண்ணி காய்ச்சலில் போன பிறகு நான்தான் வளர்த்தேன். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்காக நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் சென்னையில் ஹேமந்த் என்று ஒரு பையன், அது தோற்ற படமே இல்லை, காலத்துக்கு முன்னால் வந்துவிட்ட காவியம் என்று வீடியோ போட்டான். ஏகப்பட்ட பேர் பார்த்தார்களாம். அதில் ஓர் இடத்தில் படத்தை நிறுத்தி, "பின்னாடி அந்தப் படகுக்காரரப் பாருங்க. இவ்ளோ சாவு நடக்குது, அவர் பாட்டுக்குக் கழிய ஊன்றாரு. படகு மட்டும் நகரல. இதுதான் வாழ்க்கைன்னு டைரக்டர் சொல்றாரு" என்றான்.

மீன் ஏலத்தில் நாலு பேர் ஒரு போனைச் சுற்றி நின்றால்கூட நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வளர்மதி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். "நைனா, அது நீதான? கழி குத்துற, படகு இன்னாத்துக்கு நகரல?" பிறகு சுவரில் மாலை போட்டிருந்த, ஷூட்டிங்கில் சிவப்பு நாடாத் தொப்பியோடு எடுத்த அண்ணன் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "பக்கத்துல மெதக்குற தொப்பி அப்பாவோடதுன்னா, அப்பா எங்க?"

அன்றிலிருந்து அவள் வாயைத் திறந்தாலே பயந்தேன். இன்று காலை, "வா, அந்த எடத்தையே காட்டுறேன்" என்று படகில் கூட்டிப்போனேன். "அப்பா எங்க நின்னாரு?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீரில் இறங்கினாள். நான் கழியை எடுத்தேன்.

படகுப் பலகையில் அவள் போனைச் சாய்த்து வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த வீடியோவுக்குக் கீழே எழுதிப் பழக்கமாகி, ஷூட்டிங் நடந்த இடத்தை ஹேமந்துக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தாளாம். இந்த முறையும் படகு நகரவில்லை என்று அவன்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பான்.

பெற்ற மகளாகத்தான் வளர்த்தேன், சார். கடைசியிலும் நைனா என்றுதான் கூப்பிட்டாள். நான் யாரையும் கொல்லுகிற ஆள் இல்லை. கொஞ்சம் பயந்த சுபாவம், அவ்வளவுதான்.