சாட்சி பதில் சொல்லவில்லை

சௌம்யா, உங்கள் சட்ட நிறுவனத்தின் இணையதளத்தில் போடுவதற்கு என் தொழில் பின்னணியை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். கொடைக்கானலில் இரண்டு நாளாக மேகம் தரையோடு கிடக்கிறது. வெளியே போக வழியில்லை. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள்.

முப்பத்தாறு வருடமாக வக்கீல் தொழில். பெரும்பாலும் வணிக வழக்குகள்: காப்பி, மிளகு, மலைப்பூண்டு, குளிர்பதனக் கிடங்கு. குறுக்கு விசாரணையில் எனக்குப் பெயர் உண்டு. நான் குரலை உயர்த்தியதே இல்லை. கேள்வியைக் கேட்பேன். பதில் வந்த பிறகும் அடுத்த கேள்விக்குப் போகாமல் சும்மா நிற்பேன். அந்த அமைதியைச் சாட்சிகளால் தாங்க முடியாது. சொல்ல வேண்டாததைச் சொல்லி அதை நிரப்புவார்கள்.

குறிப்பிடத்தக்க வழக்கு ஒன்று கேட்டிருந்தீர்கள். தாண்டிக்குடி காப்பி வழக்கைச் சொல்கிறேன்.

என் கட்சிக்காரர் காப்பி ஏற்றுமதி செய்பவர். எதிர்த்தரப்பு, தாண்டிக்குடிப் பக்கத்துச் சிறு விவசாயிகளின் சங்கம். ஒப்பந்தம் எளிமையானது. லாரியில் ஏற்றும்போது கொட்டை காய்ந்திருக்க வேண்டும். ஏற்றிய பிறகு என்ன ஆனாலும் வாங்கியவர் பொறுப்பு. ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து லாரி நான்கு நாள் நின்றது. கொட்டை பூசணம் பிடித்துவிட்டது. ஏற்றும்போதே ஈரம் இருந்தது என்பது எங்கள் வழக்கு. முதல் நாளே கட்சிக்காரர் என்னிடம், "சார், தார்ப்பாய் கிழிஞ்சது நம்ம லாரியிலதான்..." என்று ஆரம்பித்தார். மிச்சத்தை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அது தொழில் ஒழுக்கம்.

சங்கத்துக்கு ஒரே சாட்சி, கிடங்குக்காரர் கணபதி. ஒவ்வொரு மூட்டையிலும் ஈரத்தை அளந்து பேரேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர். அவரை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

எண்பத்தாறில் நான் சட்டக் கல்லூரி மாணவன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து மலையில் குடியமர்த்தப்பட்டவர்களுக்கு ரேசன் அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க விடுமுறையில் போயிருந்தேன். கணபதிக்கும் என் வயதுதான். இலங்கையிலிருந்து கொண்டுவந்து அவர் நீட்டிய தாளில் குடும்பத் தலைவர் என்று இருந்தது அவருடைய அப்பா சிவராமனின் பெயர். அப்பா வந்த வழியிலேயே, மண்டபம் முகாமில் இறந்துபோயிருந்தார். நான் அதைக் கேட்டுக்கொள்ளாமல் விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் சிவராமன் என்று எழுதிவிட்டேன். வயது மட்டும் கணபதியுடையது. அட்டை அப்படியே வந்தது. திருத்த ஒரு வருடம் அலைய வேண்டும், விட்டுவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"செத்த அப்பனுக்கு அரிசி வருது தொரை, நான் திங்கிறேன். உசுரோட இருந்தப்பக்கூட இப்படிப் போட்டதில்ல."

பின்னால் ஆதாரும் அந்த ரேசன் அட்டையைக் காட்டித்தான் எடுத்தார்கள். வீட்டு மனைப் பட்டா மட்டும் குடியமர்த்தியபோது கொடுத்தபடி கணபதி பெயரில். அரிசி சிவராமனுக்கு, வீடு கணபதிக்கு என்று முப்பத்தைந்து வருடம் ஓடியது. யாருக்கும் அதனால் தொந்தரவு இல்லை.

சாட்சிக் கூண்டில் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. இலேசாகத் தலையசைத்தார். நான் பெயரைக் கேட்டேன்.

"கணபதிங்க."

ஆதார் அட்டையை எடுத்துக் காட்டச் சொன்னேன். வேறு எந்த வக்கீலுக்கும் அது தோன்றியிருக்காது.

"இதுல என்ன பேர் இருக்கு?"

"சிவராமனுங்க."

"அப்ப பேரேட்டுல கணபதின்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நாந்தாங்க. அது எப்படி ஆச்சுன்னு ஐயாவுக்கே தெரியுமேங்க."

"எனக்குத் தெரிஞ்சது சாட்சியம் ஆகாதுங்க. நீங்க சொல்லுங்க."

அதற்குப் பிறகு நான் வழக்கம்போல் நின்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் தொழிலில் அவ்வளவு நீண்ட அமைதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அதை நிரப்ப அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கடைசியில் நீதிபதி எழுதிக்கொண்டார்: சாட்சி பதில் சொல்லவில்லை.

வெளியே படிக்கட்டில் அவராக வந்து பேசினார். "அத்தன பேரு முன்னாடி உங்களக் காட்டிக்குடுக்க மனசு வரல சார். அன்னைக்கு எங்க ஆளுகள உக்கார வச்சு எழுதிக் குடுத்தது நீங்க ஒருத்தருதான்." நான் நன்றி சொன்னேன் என்றுதான் நினைவு.

இரண்டு பெயர்களில் ஆவணம் வைத்திருப்பவர், நம்பத்தக்கவர் அல்ல என்று, லாரி நின்ற மறுவருடம் புரட்டாசியில் தீர்ப்பு வந்தது. ஜெயித்தோம். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சங்கம் அவரைக் கிடங்கு வேலையிலிருந்து நிறுத்தியது. யாரோ தீர்ப்பின் நகலைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். பட்டா வாங்கிய கணபதி நீங்கள்தான் என்று நிரூபியுங்கள், இல்லாவிட்டால் பட்டா ரத்து என்று அவருக்கு நோட்டீஸ் போனது.

நிரூபிக்க ஒரே ஒரு வழி இருந்தது. விண்ணப்பத்தில் தவறாக எழுதியது நான்தான் என்று நான் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். அரைப் பக்கம் போதும். அதைக் கேட்பதற்காக அவர் பண்ணைக்காடு வழியாக பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார்.

நான் மறுக்கவில்லை. மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் இருந்தது. அதற்குள் நான் அப்படி எழுதிக் கொடுத்தால் என் கட்சிக்காரரின் தீர்ப்பு ஆட்டம் காணும். அது துரோகம். அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். என் குமாஸ்தா வேலப்பனுக்கு அது வேடிக்கையாகிவிட்டது.

"என்னய்யா, இன்னைக்கு எந்தப் பேர்ல வந்திருக்க?"

"பசி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாங்க. சார் இருக்காரா?"

நான் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மொத்தம் ஆறு முறை வந்தார். சங்கம் மேல்முறையீடு செய்யவில்லை. அந்த அறுபது நாளும் கார்த்திகையில் முடிந்துவிட்டது. கடைசி இரண்டு முறை அவர் வந்தது அதற்குப் பிறகு. இதை வேறு யாரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் நானே சொல்கிறேன்.

மார்கழி முதல் வாரம் வீட்டைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். மகள் இராசாத்தி இருந்தது பாச்சலூரில், கட்டிக்கொடுத்த இடத்தில். அங்கே போக அவருக்கு இஷ்டமில்லை. சார் எழுதிக் கொடுத்துவிடுவார், நாலு நாளில் வீட்டைத் திறந்துவிடுவார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். காப்பி காயப்போடும் களத்தின் ஓரத்தில், சாக்குகளைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். நான்காம் நாள் காலை களம் கூட்ட வந்த பெண்கள் பார்த்தார்கள். விறைத்துப் போயிருந்தாராம்.

இறப்பைப் பதிய எந்தப் பெயரைச் சொல்வது என்று கேட்டு இராசாத்தி என்னிடமே வந்தாள். "அப்பா உங்களத்தான் சார் சொல்லிக்கிட்டே இருந்தாரு. எது சரின்னு நீங்களே சொல்லுங்க."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். இந்த முறை அமைதியைத் தாங்க முடியாதவன் நான். ஆதாரில் உள்ளபடி சிவராமன் என்று பதிவு செய், அதுதான் சிக்கல் இல்லாதது என்று சொன்னேன். தலையாட்டினாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சிவராமனின் மகளால் கணபதியின் வீட்டைக் கேட்க முடியாது. அது எனக்குத் தெரியும். கணபதி என்று பதிந்திருந்தால் ஒரு விசாரணை நடந்திருக்கும். விண்ணப்பம் எழுதியவனைக் கூண்டில் ஏற்றியிருப்பார்கள். அதுவும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவளுடைய அப்பாவை நான்தான் கொன்றேன் என்று சிலர் நினைக்கலாம். நானும் சில நாள் நினைக்கிறேன். ஆனால் ஆவணங்களை எடுத்துப் பாருங்கள், சௌம்யா. நான் குறுக்கு விசாரணை செய்த கணபதி இறந்ததாக எங்கும் பதிவில்லை. சட்டத்தின் பார்வையில் அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.