காற்று போதுமா?

ஆப்பிளும் மூச்சு விடும், ஐயா. பறித்த பிறகும் விட்டுக்கொண்டேதான் இருக்கும். பலருக்கு இது தெரியாது. மூச்சு விட விடப் பழம் கிழடாகும். அதனால் எங்கள் குளிர்பதனக் கிடங்கில் அறையை இறுக்க மூடி, உள்ளே இருக்கிற பிராணவாயுவை இயந்திரம் வைத்துக் குறைத்துவிடுவோம். பழம் அரைத்தூக்கத்தில் கிடக்கும். ஒரு பருவத்தில் உள்ளே போனது அடுத்த பருவத்தில் வெளியே வரும்போது கன்னம் சிவந்தபடியே இருக்கும். அந்த அறைகளுக்கு நான்தான் மேற்பார்வை. இத்தனை வருஷத்தில் ஒரு பெட்டி அழுகியது என்று யாரும் என்னிடம் வந்து நின்றதில்லை.

கேட்டதை விட்டுவிட்டு ஆப்பிளைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். இது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

'தூரக்கப்பல்' என்றொரு படக்கதை. நாளிதழின் கடைசிப் பக்கத்தில் தினமும் மூன்று கட்டம் வரும். எங்களுக்கு மீசை முளைக்கும் முன்பே அது நின்றுபோனது. விண்வெளியில் ஒரு கப்பல்; அதில் ஒரு கேப்டன், ஒரு பொறியாளர். கேப்டன் கவசம் மாட்டிக்கொண்டு கப்பலுக்கு வெளியே போகுமுன், பொறியாளர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று "காற்று போதுமா?" என்று கேட்பார். கேப்டன் "போதும்" என்பார். அதன் பிறகுதான் கதவு மூடும். அந்த ஒரு சொல்லுக்காக, பேப்பர்காரர் சைக்கிள் மணி எப்போது கேட்கும் என்று வாசலில் தவம் கிடந்தவர்கள் நாங்கள்.

ரசிகர் மன்றத்தைத் தொடங்கியவர் என் மச்சான், என் மனைவிக்கு அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் கூடுவோம். அவர் கேப்டன், நான் பொறியாளர். எல்லோரும் உட்கார்ந்ததும் நான் வாசலில் நின்று கேள்வியைக் கேட்பேன். அவர் கணீரென்று "போதும்" என்பார். கதவைச் சாத்திவிட்டு நானும் உள்ளே வந்து உட்காருவேன். தன் தங்கையை எனக்குக் கட்டிவைத்ததே, பொறியாளர் எங்கேயும் ஓடிவிடக் கூடாது என்றுதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேலி பேசுவார்.

சேர்த்த பேப்பர்கள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் பெருகின. பழைய பேப்பர் பழுப்பேறி நொறுங்குவதற்கும் காற்றுதான் காரணம். கிடங்கில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி, பெட்டிகளை அதில் அடுக்கி, பழத்தைப் போலவே தூங்கவைத்தேன். இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் நேற்று அச்சடித்த மாதிரி இருக்கும். சோதனை போட்டபோது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

காலம் போகப் போக ஆட்கள் கழன்றுகொண்டார்கள். மச்சான், நான், ஒரு தையற்காரர், தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, இவ்வளவுதான் மிச்சம். மச்சானுக்கும் மனசு ஒட்டவில்லை. கேள்வியைக் கேட்டால் "ம்" என்பார். ஒருநாள், கதவைச் சாத்துங்க மாப்பிள்ளை, வெயில் அடிக்குது என்றார். அதுதான் பதிலாம். தன் மகள் கல்யாணத்தைக்கூட ஞாயிற்றுக்கிழமையில் வைத்தார். நான் போகவில்லை. மாடி அறையில் தனியாக நின்று, நானே கேட்டு நானே பதில் சொல்லிக் கூட்டத்தை நடத்தினேன். என் மனைவி ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணம் ஒருநாள் கூத்து, மன்றம் அப்படியில்லை என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் மச்சான் வாயைத் திறந்தார். பேத்தி பிறந்திருக்கிறாள், கடையைக் கைமாற்றிவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறேன், மன்றத்தைக் கலைத்துவிடலாம், பெட்டிகளை நூலகத்துக்குக் கொடுத்தால் நாலு பிள்ளைகள் எடுத்துப் படிக்கும் என்றார். பிள்ளைகள் கையில் அந்தப் பேப்பர் ஒரு வாரம் தாங்காது. தையற்காரர் உடனே தலையாட்டினார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். நான் மட்டும் முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். மச்சான் என் தோளில் கையைப் போட்டார்.

"மாப்பிள்ளை, இத்தனை வருஷம் சந்தோஷமா இருந்தோம். போதும்."

வாசலில் நான் கேட்டபோதெல்லாம் கொடுக்காத சொல்லை, இதற்கென்று எடுத்துச் செலவழித்தார். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் பெரியவர், எதிர்த்துப் பேசக் கூடாது. சரி மச்சான், வேனுக்குச் சொல்லிவிடுங்கள், பெட்டி கட்ட நானும் இருக்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் வேறு ஆள் இருக்காது. முந்தின நாளே அறையைத் திறந்து நல்ல காற்றை விட்டுவைத்தேன். இல்லாவிட்டால் உள்ளே போகிறவர் உயிருக்கு ஆபத்து. அந்த விஷயத்தில் நான் எப்போதும் கண்டிப்பு. மச்சான் சணல் கயிறும் கத்தரிக்கோலுமாக வந்து சேர்ந்தார். போனில் பேத்தியின் படத்தைக் காட்டினார். அப்படியே அத்தைப்பாட்டியை உரித்துவைத்திருக்கிறாள் என்று என் மனைவியைச் சொன்னேன். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். குளிர் வெளியே போகிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பொய்யில்லை, குளிர் போகத்தான் செய்யும்.

அந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்க ஒரு கைப்பிடி உண்டு. கொஞ்ச நாளாக அது பழுது. மாற்றுக் கைப்பிடி வந்துவிட்டது. என் மேசை இழுப்பறையில் இருந்ததை எடுத்திருப்பீர்கள்.

இயந்திரத்தைப் போட்டேன். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. பக்கத்தில், உள்ளே இருப்பவரோடு பேசுவதற்கு ஒரு பொத்தான். அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முடிச்சுகளைக் கண்ணும் கருத்துமாகப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கை ஓய்ந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பொத்தானை அழுத்தினேன்.

"காற்று போதுமா?"

கதவுக்கு வந்து கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார், சிரிக்கவும் செய்தார்.

"போதும் மாப்பிள்ளை. திறங்க."

எவ்வளவு காலம் ஆயிற்று, கேட்ட கேள்விக்கு அவர் வாயால் அந்தப் பதில் வந்து. மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னார். உரக்கச் சொன்னார், மன்றம் தொடங்கிய நாளில் சொன்னதைப் போல. அப்புறம் கதவைத் தட்டித் தட்டிச் சொன்னார். அப்புறம் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். குரல் இறங்கியதே தவிர, பதில் தவறவில்லை. பதில் நின்ற பிறகுதான் இயந்திரத்தை நிறுத்தினேன். கதவைத் திறந்துவைத்து, அறையில் நல்ல காற்று நிறையும்வரை காத்திருந்து உள்ளே போனேன். ஒரு பெட்டியின் மேல் சாய்ந்து கிடந்தார். மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். பெட்டியின் ஓரம்தான் நசுங்கியிருந்தது, பேப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேன்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னேன். பாவம், அந்த மனிதர் எதற்கு வீணாக அலைய வேண்டும்.

மனைவியிடம் நானேதான் போய்ச் சொன்னேன். கைப்பிடி பழுதானதைச் சொன்னேன். அவள் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணன் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"காற்று போதுமான்னு கேட்டேன். போதும்னு சொன்னாரு."

"எத்தனை தடவை கேட்டீங்க?"

அவள் காலில் செருப்புகூட மாட்டாமல் உங்களிடம் ஓடி வந்துவிட்டாள்.

அவர் எதைப் போதும் என்றார் என்று உனக்குப் புரியவில்லையா என்று கேட்கிறீர்கள். நான் என்ன பச்சைக் குழந்தையா, ஐயா? முதல் தடவை சொன்னபோதே புரிந்தது. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அப்போதே திறந்திருந்தால் என்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். அதற்கப்புறம் நான் கேட்டால் பதில் சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.