மூன்று வாரக் கில்ட்

ஷோனா: கடைக் கதவைச் சாத்து முதல்ல. அடுப்புல இருந்து இப்பத்தான் எடுத்தேன், கறி அடைச்ச பிரைடி எல்லாம் ஆறிடும்.

லாக்லன்: உன் பிரைடி இருக்கட்டும். என் முழங்காலைப் பாரு, நீலமா ஆயிடுச்சு.

ஷோனா: நவம்பர் மாசத்துல, விசேஷத்துக்கு ஆம்பளைங்க கட்டற கில்ட் பாவாடையைக் கட்டிட்டு ஏணி ஏறச் சொல்லி யாரு கேட்டா? நம்ம டன்டீ ஊர்ல ஜன்னல் துடைக்கிறவன் எல்லாம் பேண்ட்தானே போடறான்.

லாக்லன்: ஏணி ஏறும்போது உள்ள அரை டிராயர் போட்டுக்கறேன்... வெளிய சொல்லிடாத, கில்ட்டுக்கு உள்ள ஒண்ணும் போடறதில்லன்னுதான் ஊர் நம்புது.

ஷோனா: ஏன், மானம் போயிடுமா?

லாக்லன்: தொழில் போயிடும். லோகன் அம்மா இருக்காங்களே, பதினோரு வருஷமா அவங்க வீட்டு ஜன்னல் துடைக்கிறேன், ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்ல. இப்ப அவங்களே வந்து ஏணியைப் பிடிச்சுக்கறாங்க. மாசம் ஒரு தடவை போதும்னவங்க, வாரம் ஒரு தடவை வான்னுட்டாங்க.

ஷோனா: அரை டிராயர்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க பாவம். உனக்கு எந்த பிரைடி, வெறும் கறியா, வெங்காயம் போட்டதா?

லாக்லன்: வெங்காயம் போட்டது. இன்னைக்கு ரெண்டு டூரிஸ்ட் வேற. அசல் ஸ்காட்லாந்துக்காரன்னு போட்டோ எடுத்துட்டு, ஊதற பேக்பைப் எங்கன்னு கேக்கறாங்க.

ஷோனா: என்ன சொன்ன?

லாக்லன்: வாளியைக் காட்டினேன். அதையும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

ஷோனா: சனிக்கிழமை பஸ்ல உன்னை ஒரு கூட்டம் வளைச்சுதாமே.

லாக்லன்: கல்யாணப் பொண்ணும் தோழிங்களும், நல்ல போதை. அடியில என்ன போட்டிருக்கன்னு ஒருத்தி கேட்டா. பூட்ஸுன்னேன். டிரைவர் வண்டியை நிறுத்திட்டுச் சிரிக்கறாரு... நான் அடுத்த ஸ்டாப்லயே இறங்கிட்டேன்.

ஷோனா: உனக்கு இது வேணும்.

லாக்லன்: அது கூடப் பரவாயில்ல. மருந்துக்கடைக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டு, வருத்தமான விஷயம் லாக்லன், தைரியமா இருங்கன்னாரு. சாவு வீட்டுக்கும் கில்ட்தானே, அதுக்குப் போறேன்னு நினைச்சிட்டாரு.

ஷோனா: இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே.

லாக்லன்: அவர் கண்ணுல தண்ணி. எப்படிச் சொல்றது? நன்றின்னுட்டேன். இப்ப தெரு முழுக்க எங்க மாமா போயிட்டதா பேச்சு.

ஷோனா: உங்க மாமா நேத்து இங்க வந்து நாலு பிரைடி வாங்கிட்டுப் போனாரே.

லாக்லன்: அவருக்கும் யாரோ ஆறுதல் சொன்னாங்களாம். யாருக்காகன்னு தெரியாம அவரும் நன்றி சொல்லியிருக்காரு.

ஷோனா: நல்ல குடும்பம்... வாங்க கெம்மெல் அம்மா. வழக்கம்போல ஆறு ரோல் ரொட்டிதானே?

கெம்மெல் அம்மா: ஆறுதான். அட, லாக்லனா? செவ்வாய்க்கிழமையும் அதுவுமா கில்ட்ல நிக்கிற. யாருக்குப்பா கல்யாணம்?

லாக்லன்: யாருக்கும் இல்லம்மா. சும்மா.

கெம்மெல் அம்மா: சும்மா யாராவது கில்ட் கட்டுவாங்களா? சொல்ல இஷ்டமில்லைன்னா விடு. காலை மட்டும் மூடிக்கோ, பார்க்கற எனக்கே குளிருது.

ஷோனா: இந்தாங்கம்மா ரோல். கதவைச் சாத்திட்டுப் போங்க.

லாக்லன்: பார்த்தியா? இது நாப்பத்தி மூணாவது ஆள்.

ஷோனா: எண்ணிட்டு வேற இருக்கியா?

லாக்லன்: தபால்காரர், பல் டாக்டர், குப்பை வண்டிக்காரர்... ஊரே கேட்டுடுச்சு, யாருக்குக் கல்யாணம்னு. ஒரே ஒரு ஆள்தான் கேக்கல.

ஷோனா: யாரு?

லாக்லன்: ...அந்த சாஸ் பாட்டிலைக் குடு.

ஷோனா: கைகிட்டயே இருக்கு பாரு.

லாக்லன்: மூணு வாரம் ஆச்சு ஷோனா. தினமும் இந்தக் கடைக்குள்ள வர்றேன். ஞாயித்துக்கிழமை உன்கூட ஆத்தங்கரையில நடக்கறேன். மழையைப் பத்திக் கேக்கற, முழங்காலைப் பத்திக் கேக்கற... போகட்டும். நாளையில இருந்து பேண்ட்தான்.

ஷோனா: நாளையில இருந்தா?

லாக்லன்: அசட்டுத்தனம் பண்ணிட்டேன்னு தோணுது.

ஷோனா: இரு, எழுந்திரிக்காத. இந்த ஊக்கை என்ன இப்படிக் குத்தி வெச்சிருக்க? மேல் மடிப்பு, கீழ் மடிப்பு ரெண்டையும் சேர்த்து... துணி கிழிஞ்சிடாதா?

லாக்லன்: ஏணி மேல காத்துல தூக்குது. பின்ன என்ன பண்றது?

ஷோனா: சொந்தக் கில்ட்டை எவனும் இப்படிக் குத்த மாட்டான். ஊக்கு மேல் மடிப்புல மட்டும்தான். கில்ட்டை வாடகைக்கு எடுக்கறவன்தான்... லாக்லன், இது வாடகையா?

லாக்லன்: வாடகையா? மூணு வாரத்துக்கு எவன் வாடகைக்கு எடுப்பான்? இடுப்புப் பட்டிக்கு உள்பக்கம் பாரு. என் பேர் தெச்சிருக்கு.

ஷோனா: தேதியும் இருக்கே. மார்ச்சுன்னு போட்டிருக்கு.

லாக்லன்: அளவு குடுத்த தேதி. தைக்கிறவர் ஒரே ஆள், வரிசையில நிக்கணும். போன மாசம்தான் கைக்கு வந்துச்சு.

ஷோனா: மார்ச்சுல நான் இந்தக் கடைக்கு வந்தே ரெண்டு வாரம்தான்.

லாக்லன்: தெரியும்... நீ பிரைடியை மாத்திக் குடுத்த வாரம். இப்ப ஏன் அழுவற?

ஷோனா: ராபினும் கில்ட்லதான் வந்தான், எங்க கல்யாணத்துக்கு. வாடகைக் கில்ட். ஊக்கு இப்படியேதான் குத்தியிருந்தான். திங்கக்கிழமை காலையில கடையில திருப்பிக் குடுத்தான். நாலு வருஷத்துல என்னையும் திருப்பிக் கொண்டுவந்து எங்கம்மா வீட்டுல விட்டான்.

லாக்லன்: நீ சொன்னதே இல்லையே.

ஷோனா: சொல்ற மாதிரியா இருக்கு? நீ கில்ட்ல வந்து நின்னதும் சந்தோஷமா இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. எந்தத் திங்கக்கிழமை திருப்பிக் குடுக்கறன்னு பார்த்துட்டே இருந்தேன். மூணு திங்கக்கிழமை போயிடுச்சு.

லாக்லன்: இரு... நான் எதுக்குக் கட்டறேன்னு உனக்குத் தெரியுமா?

ஷோனா: முதல் நாளே உங்கக்கா வந்து சொல்லிட்டா, நான் கேட்டாத்தான் நீ வாயைத் திறப்பன்னு. குளிர்ல இத்தனை நாள் நிக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்கோ. இப்ப கேக்கறேன்... யாருக்குக் கல்யாணம், லாக்லன்?